"கப்பல் எத்தனை மணிக்கு?" என்று யார் கேட்டாலும் உஷார்

ஹாங்காங்கில் ஏறி, நாகசாகி, சோல், ஷாங்காய் பார்த்துவிட்டுத் திரும்ப ஹாங்காங்கிலேயே இறங்கும் ஒன்பது இரவுக் கப்பல் பயணம். நானும் என் மனைவியும் போய்வந்து ஒரு மாதம் ஆகிறது. படங்களையெல்லாம் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியாகிவிட்டது. படத்தில் வராததை இங்கே எழுதுகிறேன். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் உட்கார்ந்து மற்றவர்கள் கையெழுத்தைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஷாங்காயில் ஒரு மாடி அறையில் பில்லைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது திருச்சி, மதுரைப் பக்கமிருந்தெல்லாம் இந்தக் கப்பல்களுக்கு ஆட்கள் கிளம்புகிறார்கள். வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது.

முதல் கோணல் சென்னையிலேயே ஆரம்பித்துவிட்டது. "எல்லாம் அடக்கம் சார், நீங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போனாப் போதும்" என்றார் ஏஜென்ட். கப்பலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர் ஊழியர் டிப்ஸ் தானாகவே கணக்கில் ஏறுகிறது என்று. இரண்டு பேருக்கு ஒன்பது இரவுக்கு 288 டாலர். சரி, அந்த ஊழியர்கள் உழைப்பதைப் பார்த்தால் அந்தப் பணம் கொடுக்கலாம். முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா?

விசா விஷயம் அதைவிட மோசம். "எந்த ஊரில் இறங்கப்போவதில்லையோ அதற்கு விசா தேவையில்லை" என்று அதே மனிதர் சொன்னார். நல்லவேளை, என் அக்கா மகன் கப்பல் கம்பெனியின் விதிகளை ஒருமுறை படித்துவிட்டு, "மாமா, அப்படியெல்லாம் கிடையாது" என்றான். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஜப்பான், கொரியா, சீனா மூன்றும் எடுத்தோம். ஹாங்காங்குக்கு 2017 முதல் இணையத்தில் முன்பதிவு செய்து, அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு போக வேண்டும், அதையும் செய்தோம். ஏறும் இடத்தில் கவுண்ட்டருக்குப் பக்கத்தில் நம் நாட்டுக் குடும்பம் ஒன்றைத் தனியாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பெட்டி நான்கு, குழந்தைகள் இரண்டு. அந்த அம்மாள் யாருக்கோ திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தைக் கப்பலில் நான் பார்க்கவேயில்லை.

அன்று காலையில்தான் அந்தக் கேள்வியை முதல்முறை கேட்டேன். கப்பல் நிற்பது காய் டாக் முனையத்தில். பழைய விமான நிலையத்தின் ஓடுபாதை மேல் கட்டி 2013-இல் திறந்த இடம். நாங்கள் தங்கியிருந்தது சிம் ஷா சூய். டாக்சிக்காரர் பெட்டிகளைப் பார்த்தார், சிரித்தார், "குரூஸா? கப்பல் எத்தனை மணிக்கு?" என்றார். நானும் பெருமையாக நேரத்தைச் சொன்னேன். உடனே மீட்டர் மேல் ஒரு துண்டுத் துணி விழுந்தது. 300 ஹாங்காங் டாலர் என்றார். மீட்டர் போட்டிருந்தால் நூறைச் சுற்றித்தான் வந்திருக்கும் என்று கப்பலில் பக்கத்து மேசைக்காரர் பிறகு சொன்னார். அப்போது இதை நான் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் வெறும் கடல். மூன்றாம் நாள் நாகசாகி. அந்த ஊரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. நீண்ட குடாவுக்குள் கப்பல் மெதுவாக நுழைகிறது. இரண்டு பக்கமும் மலை, மலை முழுக்க வீடு, நடுவில் பெரிய பாலத்துக்கு அடியில் கப்பல் போகும்போது புகைபோக்கி இடித்துவிடுமோ என்று டெக்கில் எல்லாரும் தலையைக் குனிகிறார்கள். மட்சுகாயே கரையில் இறங்கி, கைரேகை, படம் எல்லாம் முடித்துப் பத்து நிமிடம் நடந்தால் 1864-இல் கட்டிய ஓவுரா தேவாலயம். கொஞ்சம் தள்ளி டிராம். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். நோட்டை நீட்டினேன், ஓட்டுநர் பெட்டியில் இருந்த சில்லறை மாற்றும் துவாரத்தைக் காட்டி, சில்லறை விழுந்ததும் அதில் எதைப் போட வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். அணுகுண்டு அருங்காட்சியகத்தில் 11:02-க்கு நின்றுபோன சுவர்க் கடிகாரத்தின் முன்னால் என் மனைவி ரொம்ப நேரம் நின்றாள். கப்பலுக்கு நேரமாகிறது என்று நான் அவசரப்படுத்தினேன். அதற்கு இன்னும் எனக்குத் திட்டு விழுகிறது.

அப்புறம் "சோல்". பயணத் தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. சோலுக்குக் கடல் கிடையாது. கப்பல் நிற்பது இஞ்சோனில். அங்கிருந்து தலைநகர் சுமார் 40 கிலோமீட்டர். பஸ் நகர நெரிசலில் மாட்டி ஒன்றரை மணி நேரம் எடுத்தது. கப்பல் கம்பெனியின் சுற்றுலாவை எடுக்காமல், பாதி விலை என்று ஏஜென்ட் மூலம் வெளி ஆள் ஒருவரின் பஸ்ஸைப் பதிவு செய்திருந்தோம். முக்கியமான வித்தியாசம் இது: கப்பலே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போனால் காத்திருக்காது.

எங்கள் சீட்டில் "கியோங்போக்குங் அரண்மனை, நுழைவுக் கட்டணத்துடன்" என்று இருந்தது. 1395-இல் கட்டத் தொடங்கிய... இல்லை, கட்டி முடித்த அரண்மனை. போகும் வழியெல்லாம் வழிகாட்டிப் பெண் அதன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்வாசலில் இறங்கினால் கதவு சாத்தியிருக்கிறது. அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அந்த அரண்மனைக்கு வார விடுமுறை. எங்கள் கப்பல் செவ்வாய்க்கிழமைதான் வருகிறது என்பது பல மாதங்களுக்கு முன்பே தெரிந்த சங்கதி. பக்கத்திலேயே சாங்தோக்குங் என்று இன்னொரு அரண்மனை, அதற்குத் திங்கள்தான் விடுமுறை, அங்கே கூட்டிப்போயிருக்கலாம். கூட்டிப்போகவில்லை. சாத்திய கதவின் முன்னால் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, அடுத்து ஜின்செங் என்கிற மருந்து வேர் விற்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோய், வெளிக்கதவைத் தள்ளிச் சாத்தி, ஐம்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். "உங்கள் கப்பல் ஐந்து மணிக்குத்தானே, நிறைய நேரம் இருக்கிறது" என்றார் கடைக்காரர். கவனியுங்கள், நேரம் அவருக்கும் தெரிந்திருந்தது. கொரிய மொழியிலும் அம்மா, அப்பா உண்டு என்று பூரித்து எழுதியவர்கள் ஏராளம். அந்தக் கடையில் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது. வேர் ஒன்று என்ன விலை என்று கேட்டதும் நானும் "அம்மாடி" என்றேன்.

இனி ஷாங்காய். ஊர் கண்ணில் படுவதற்கு வெகு முன்னாலேயே கடல் நிறம் மாறிவிடுகிறது. காலையில் பால்கனித் திரையை விலக்கினால் தண்ணீர் ஆடிப்பெருக்குக் காவிரி மாதிரி கலங்கிக் கிடக்கிறது. யாங்சி ஆற்று மண். பெரிய கப்பல்கள் நிற்பது வூசோங்கில், ஹுவாங்பூ ஆறு யாங்சியில் கலக்கும் இடத்தில். படங்களில் பார்க்கிற அந்த ஆற்றங்கரைக் கட்டடங்கள் அங்கிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். மூன்றாம் எண் மெட்ரோ ஓடுகிறது, ஆனால் நிலையம் முனையத்தின் வாசலில் இல்லை.

குடியேற்ற வரிசை முடிந்து வெளியே வர பத்தரை ஆகிவிட்டது. ஐந்து மணிக்குள் திரும்பக் கப்பலில் இருக்க வேண்டும். வாசலில் ஒருவர் ஓடி வந்தார். "டாக்சி? கப்பல் எத்தனை மணிக்கு?" சொன்னேன். 400 யுவான் என்றார். டாக்சி வரிசை எங்கே என்று கேட்டால், ரொம்ப தூரம், ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்றார். ஏறிவிட்டோம். வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நூறடியில் மீட்டர் டாக்சிகள் வரிசையாக நின்றன.

பண்ட் என்கிற அந்த ஆற்றங்கரையில் நின்று எதிர்க்கரைக் கோபுரங்களைப் பார்த்தோம். 632 மீட்டர் உயர ஷாங்காய் டவரின் தலை மேகத்துக்குள் இருந்தது. இந்தப் பக்கம் 1927-இல் கட்டிய சுங்க மாளிகையின் மணிக்கூண்டு. மனசு நிறைந்துதான் இருந்தது. அங்கிருந்து நான்ஜிங் சாலையில் நடந்தபோது இரண்டு பெண்கள், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். இந்தியாவா, ஆமிர் கான் ரொம்பப் பிடிக்கும் என்றார்கள். தாங்களும் வெளியூர், கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறோம் என்றார்கள். என் மனைவியின் புடவையைத் தொட்டுப் பார்த்தார்கள். இதெல்லாம் ஐந்து நிமிடம். அப்புறம் ஒருத்தி, "கப்பலிலா வந்தீர்கள்? எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?" என்றாள். அக்கறையாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

பாரம்பரியத் தேநீர்ச் சடங்கு ஒன்று நடக்கிறது, அதற்குத்தான் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றார்கள். பக்கத்துச் சந்து, மாடிப்படி, ஜன்னல் இல்லாத சின்ன அறை. மரத்தட்டு, அதில் வரி வரியாக ஓட்டை. முதல் தண்ணீரைக் குடிக்கக் கூடாதாம். அதைத் தட்டில் இருந்த ஒரு மண் தவளையின் தலையில் ஊற்றினாள் பரிமாறிய பெண். தவளைக்கு மூன்று கால்தான். வாயில் ஒரு காசைக் கவ்விக்கொண்டிருந்தது. செல்வம் வருமாம். யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. கண்ணாடிக் குவளையில் ஒரு உருண்டையைப் போட்டு வெந்நீர் விட்டதும் அது பூவாக விரிந்தது. நம் வீட்டில் குழந்தைக்கு மருந்து கொடுக்கும் சங்கு அளவுக் கோப்பையில் ஆறு வகைத் தேநீர்.

"ஏங்க, விலை கேட்டீங்களா?" என்று என் மனைவி நடுவில் கேட்டாள். ஆரம்பத்தில் ஒரு அட்டையைக் காட்டினார்கள், 58 யுவான் என்று பார்த்தேன், ஒரு கெட்டிலுக்கு 700 ரூபாய், ஊர் விலை அப்படித்தான் இருக்கும் என்றேன். அந்த 58-க்குப் பக்கத்தில் ஒரே ஒரு சீன எழுத்து இருந்தது. "ஒரு ஆளுக்கு" என்று அதற்கு அர்த்தமாம். ஒரு ஆளுக்கு, ஒரு வகைக்கு. ஆறு வகை, நான்கு பேர்: 1,392. அறை வாடகை 300. நாங்கள் தொட்டுக்கூடப் பார்க்காத உலர்பழத் தட்டு இரண்டு, 160. அந்தப் பெண்கள் கொஞ்சமும் முகம் மாறாமல், "பாதி எங்களுடையது" என்று தங்கள் பங்கு 926-ஐ எடுத்து வைத்தார்கள். அங்கேதான் நான் விழுந்தேன். பிள்ளைகளே கொடுக்கும்போது நாம் சண்டை போடுவதா? அவர்கள் பணம் நாங்கள் படி இறங்கியதும் அவர்களிடமே திரும்பியிருக்கும் என்று அப்போது புத்திக்கு எட்டவில்லை. மேற்கொண்டு ஒரு தேயிலை டப்பாவை, 380, எங்கள் முன்னால் நகர்த்தி வைத்தார்கள். வேண்டாம் என்றேன். பரிமாறியவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "மணி மூன்று ஆகப்போகிறது, நெரிசல் நேரம், கப்பல் போய்விடும்" என்றாள். அவளிடம் நான் கப்பல் நேரத்தைச் சொல்லவேயில்லை.

1,306 யுவான். நம் பணத்தில் 15,600 ரூபாய்க்கு மேல். வங்கி அட்டையைத் தேய்த்து, கையெழுத்துப் போட்டு, கீழே ஓடி வந்தோம். போலீசுக்கு 110 என்று எனக்குத் தெரியும். ஆனால் புகார் எழுதி, மொழிபெயர்த்து, மாடி ஏறி இறங்க ஒரு சாயங்காலம் வேண்டும். எங்களிடம் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அது அவர்களுக்கும் தெரியும். ஒரு வாரம் தங்குகிற ஆளை அவர்கள் அந்த மாடிக்கு ஏற்றுவார்களா என்றுகூட எனக்குச் சந்தேகம்தான்.

திரும்பும் வண்டிதான் பெரிய கூத்து. கூகுள் வரைபடம் அங்கே உதவவில்லை. "குரூஸ், குரூஸ்" என்று கத்தினால் ஓட்டுநருக்குப் புரியவில்லை. கப்பலில் தினமும் அறைக்கு வரும் தாளில் துறைமுகத்தின் பெயரும் முகவரியும் சீன எழுத்தில் இருக்கும். என் மனைவி அதை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள், அதனால் பிழைத்தோம். அதைப் போனில் படமாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டுநர் தாளைப் பார்த்தார், தலையாட்டினார், மீட்டரைத் தட்டினார். முனைய வாசலில் 112 யுவான் காட்டியது. மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். காலையில் கொடுத்த 400-ஐ அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஊருக்கு வந்து என் வங்கியில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். "கையெழுத்து தங்களுடையதே என்பதால்" என்று ஆரம்பித்தது பதில். அந்த வாக்கியத்தை நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்! போதாததற்கு வெளிநாட்டுச் செலவு என்று 3.5 சதவீத மார்க்கப், அதன் மேல் ஜிஎஸ்டி. தேயிலை டப்பாவைப் பிரித்து என் மனைவி பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வைத்தாள். மல்லிகைச் சரத்தை ஊறப்போட்ட மாதிரி இருந்தது. வேலைக்கு வரும் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "சாம்பிராணியா சார்?" என்றார்.

போன வாரம் அதே ஏஜென்ட் கூப்பிட்டார். மத்தியதரைக் கடல் பயணம் ஒன்று மலிவாக இருக்கிறதாம், பார்சிலோனா, ரோம் எல்லாம் வருமாம்.

"ரோமில் கப்பல் எங்கே நிற்கும்?" என்று கேட்டேன்.

"ரோம்லதான் சார் நிக்கும். ஊருக்குள்ளேயே."