பயணக் கிட்டார்: பெட்டியை விடத் தந்தியின் நீளத்தைப் பாருங்கள்

பயணத்துக்கென்று சிறிய அக்கூஸ்டிக் கிட்டார் தேடுபவர்கள் பெரும்பாலும் பெட்டியின், அதாவது உடற்பகுதியின், அளவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வாசிக்கும் கைக்கோ அதைவிட முக்கியமானது நட்டுக்கும் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் பட்டை) சேடிலுக்கும் (பெட்டியின் மேல் தந்திகளைத் தாங்கும் பட்டை) இடையே அதிரும் தந்தியின் நீளம், அதாவது ஸ்கேல். முழு அளவுக் கிட்டார்களில் இது 25.4 அங்குலத்தை ஒட்டியிருக்கும். டெய்லர் நிறுவனத்தின் ஜிஎஸ் மினியில் 23.5, லிட்டில் மார்ட்டினில் 23, பேபி டெய்லரில் 22.75 அங்குலம், யமஹா ஜேஆர்2-இல் ஏறக்குறைய 21.25 அங்குலம் (540 மி.மீ.) மட்டுமே.

ஒரே தடிமனுள்ள தந்தியை அதே சுருதிக்கு ஏற்றும்போது, ஸ்கேல் 25.4-இலிருந்து 23 அங்குலமாகக் குறைந்தால் இழுவிசை ஏறக்குறைய 18 சதவீதம் குறைந்துவிடுகிறது. நட்டுக்கும் முதல் ஃபிரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உள்ள இடைவெளியும் 36 மி.மீ.-இலிருந்து 33-க்கு வந்துவிடுவதால், புதிதாகக் கற்பவர்களைத் திணறடிக்கும் எஃப் பார் கார்டு (ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிப்பது) எளிதில் பிடிபடுகிறது. ஆனால் அதே தளர்ச்சியால், மிகத் தடித்த ஆறாவது தந்தியைப் பிக்கால் (மீட்டும் சில்லு) ஓங்கி அடித்தால் சுருதி ஒரு கணம் மேலேறி, பிறகுதான் தன் இடத்துக்கு இறங்குகிறது. டிராப் டி, அதாவது ஆறாவது தந்தியை 'ஈ'-யிலிருந்து 'டி'-க்கு இறக்கி, வைத்து வாசிப்பவர்களுக்கு இது நன்றாகவே உறுத்தும். இதற்கு மருந்து தடித்த தந்திதான். ஜிஎஸ் மினி கடையிலிருந்து வரும்போதே 0.013 அங்குலத் தடிமனில் தொடங்கும் மீடியம் தந்திகளுடன் வருகிறது. விரல் வலிக்கிறது என்று அதில் மெல்லிய தந்தியை மாட்டாதீர்கள். அந்தக் கிட்டாரின் உயிரே தடித்த தந்தியில்தான் இருக்கிறது.

பெட்டி சிறுத்தால் உள்ளிருக்கும் காற்று அதிரும் அலைவெண் உயர்ந்துவிடும். அதனால் 82 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள கீழ் 'ஈ' சுரத்தின் அடித்தளம் மெலிந்து, அதனுடன் சேர்ந்தொலிக்கும் மேற்சுரங்களே நம் காதில் மிகுதியாக விழுகின்றன. இந்தக் குறையை மிகவும் நன்றாகச் சமாளிப்பது, என் கணிப்பில், ஜிஎஸ் மினிதான். 1994-இல் கொலம்பியா விண்கலத்தில் பறந்த பெருமை மார்ட்டின் பேக்பேக்கர் என்ற பயணக் கிட்டாருக்கு உண்டு. ஆயினும் அதன் ஒல்லியான உடலிலிருந்து வரும் ஒலி மிகவும் மெலிது, தோள்வார் இல்லாமல் மடியில் நிற்கவும் மறுக்கிறது.

ஒலியில் சற்றுப் பின்தங்கினாலும், ரயிலின் ஏசி பெட்டிக்கும் கடலோர ஈரத்துக்கும் மாறி மாறிப் போகிறவருக்கு நான் லிட்டில் மார்ட்டினையே பரிந்துரைப்பேன். அதன் பின்பலகையும் பக்கங்களும் பிசினில் அழுத்திய தாள் அடுக்குகளால் ஆனவை. ஈரப்பதம் ஏறி இறங்கினாலும் மரத்தைப் போல உப்புவதும் சுருங்குவதும் அவற்றில் மிகக் குறைவு.

விமானப் பயணிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைப்பைக்குப் பல விமான நிறுவனங்கள் விதிக்கும் நீள வரம்பு 55 செ.மீ.; பேபி டெய்லரே ஏறக்குறைய 86 செ.மீ. நீளம், ஜிஎஸ் மினி 93. அமெரிக்காவில், ஏறும் நேரத்தில் இடமிருந்தால் சிறிய இசைக்கருவியை உள்ளே அனுமதிக்க வேண்டும் என்ற விதி 2015 முதல் நடைமுறையில் உள்ளது. மற்ற இடங்களில் டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கடையில் சோதிக்கும்போது டியூனரை (சுருதி காட்டும் கருவி) கிட்டாரின் தலைப்பகுதியில் மாட்டி, ஆறாவது தந்தியை முதலில் மெல்லவும் பிறகு பலமாகவும் மீட்டுங்கள். முள் எவ்வளவு தாவுகிறது என்று பாருங்கள். அதிகம் தாவினால் தடித்த தந்தி மாட்டித் தரச் சொல்லி, மறுபடி வாசித்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.