கெல்லியா, ஷாக்லியா: யாரிடம் வேலை பார்ப்பீர்கள்?

மெர்வின் கெல்லி, வில்லியம் ஷாக்லி இருவருமே இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். இருவரும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக் குழுக்களை நடத்தியிருக்கிறார்கள். 1936இல் ஷாக்லியை வேலைக்கு எடுத்ததே கெல்லிதான்.

இயற்பியலை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. கெல்லி சிகாகோவில் மில்லிகனிடம், எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த எண்ணெய்த் துளிச் சோதனையில் வேலை பார்த்தவர். அப்புறம் பல வருடங்கள் மின்சைகைகளைப் பெருக்க அப்போது பயன்பட்ட வெற்றிடக் குழாய்களோடு மல்லுக்கட்டினார். ஷாக்லியோ நோபல் வாங்கியவர்.

ஆனால் அந்த நோபலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1947 டிசம்பரில், அந்தக் குழாய்களின் வேலையைச் செய்யும் குட்டிக் கருவியான டிரான்சிஸ்டரை முதலில் செய்துகாட்டியவர்கள் அவருடைய குழுவிலிருந்த பார்டீனும் பிராட்டைனும். தலைவருக்கு அது பொறுக்கவில்லை. புத்தாண்டு நேரத்தில் சிகாகோவில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்; ஜனவரி முடிவதற்குள் அதைவிடச் சிறந்த, சந்தி டிரான்சிஸ்டர் என்ற வகைக்கான வடிவமைப்பு அவர் கையில் இருந்தது. மூளைக்கு ஒரு கும்பிடு. ஆனால் தன் ஆட்களோடு தானே பந்தயம் ஓடும் தலைவரிடம் யார் இருப்பார்கள்? பார்டீன் 1951இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

கெல்லியும் சாது இல்லை, முன்கோபி. ஆனால் நிர்வாகத்துக்கு வந்தபின் அவர் ஆராய்ச்சியில் யாரோடும் போட்டிக்கு நிற்கவில்லை. போர் முடிந்த கையோடு இயற்பியலாளர், வேதியியலாளர், உலோகவியலாளர் எல்லோரையும் ஒரே குழுவில் போட்டார். மரே ஹில்லில் இருந்த பெல் கட்டடத்தின் நீண்ட நடைவழியில், சாப்பிடப் போகிறவர்கூட வேறு துறைக்காரர் நாலு பேரைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது.

ஷாக்லி கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் தனிக்கூடம் போட்டபோது நடந்தது வேறு. ஒரு ஊழியரின் கட்டைவிரலில் ஏதோ கிழித்துவிட்டது. சதி என்று முடிவுகட்டி, பொய் கண்டறியும் கருவி வரை போனார். நுண்ணோக்கியில் பார்த்தால் தலை உடைந்த குண்டூசி!

என் ஓட்டு கெல்லிக்கு. ஆள் பொறுக்குவதில் மட்டும் ஷாக்லியைக் குறை சொல்ல முடியாது. 1957 செப்டம்பரில் அவரை விட்டு எட்டுப் பேர் சேர்ந்தே கிளம்பி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் நாய்ஸும் மூரும் 1968இல் தொடங்கியதுதான் இன்டெல்.