கனெக்ஷன் 65 நிமிடமாகச் சுருங்கிவிட்டது: ஏற்பதா, மாற்றுவதா, பணத்தைத் திரும்பக் கேட்பதா?

அப்பா அம்மாவின் மே மாதப் பயணத்துக்கு நவம்பரிலேயே டிக்கெட் எடுத்துவிட்டேன். சென்னையில் ஏறி, ஐரோப்பாவில் ஓர் ஊரில் விமானம் மாறி, டாலஸ். நடுவில் 2 மணி 40 நிமிடம் இருந்தது. இருவருக்கும் வீல்சேர் சொல்லியாயிற்று, பக்கத்துப் பக்கத்து சீட், சைவச் சாப்பாடு, எல்லாம் முடிந்தது என்று இருந்தேன். பிப்ரவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது, உங்கள் பயண நேரத்தில் சிறு மாற்றம் என்று. சென்னை விமானம் 1 மணி 35 நிமிடம் தள்ளிப் போய்விட்டது, டாலஸ் விமானம் மட்டும் பழைய நேரத்திலேயே நிற்கிறது. மிச்சம் 65 நிமிடம். கீழே ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பட்டன்.

இப்படி நேரம் மாறுவது அதிசயமில்லை. டிக்கெட்டைப் பதினோரு மாதம் முன்பே விற்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுகிறது, அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நேரமெல்லாம் உறுதியாகிறது. அதனால் கோடைப் பயணத்துக்கு முன்கூட்டியே எடுத்தவர்களுக்கு இந்த மாதிரி மின்னஞ்சல் வரத்தான் செய்யும். வந்தபின் என்ன செய்வது என்பதில்தான் விஷயம். என் முன்னால் நாலு வழி இருந்தது: ஏற்றுக்கொள்வது, அதே டிக்கெட்டில் இலவசமாக வேறு விமானம் கேட்பது, பணத்தைத் திரும்ப வாங்கிப் புதிதாக எடுப்பது, எதையும் அமுக்காமல் காத்திருப்பது. நான் இரண்டாவதைச் செய்தேன், இன்னொரு முறை வந்தாலும் பெரும்பாலும் அதையே செய்வேன். இதெல்லாம் முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரில் இருப்பவர்களுக்கு. இரண்டு தனி டிக்கெட் எடுத்திருந்தால் கணக்கே வேறு. முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது.

முதலில் ஏற்றுக்கொள்வது. 65 நிமிடம் என்பது விற்கக் கூடாத நேரமில்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மினிமம் கனெக்ஷன் டைம் என்று ஓர் அளவு இருக்கிறது. பிராங்க்ஃபர்ட்டில் 45 நிமிடம், வியன்னாவில் 25 நிமிடம்கூடப் போதும் என்று வைத்திருக்கிறார்கள். மாற்றத்துக்குப் பிறகு உங்கள் இடைவெளி அந்த அளவுக்குக் கீழே போய்விட்டால் கம்பெனியின் கணினியே கனெக்ஷன் அறுந்துவிட்டது என்று பிடித்து வேறு விமானத்தில் போட்டுவிடும், அல்லது உங்களைக் கூப்பிடச் சொல்லும். அது உண்மையில் நல்ல நிலைமை. அளவுக்குச் சற்று மேலே நின்றுவிட்டால்தான் சிக்கல், கணினியைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை.

அந்த 65-ஐ உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன். புறப்பாட்டுக்கு 15, 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள், ஆக 45. வீல்சேர் பயணிகளை எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறக்குவார்கள், முந்நூறு பேர் இறங்கி முடிய 20, 25 நிமிடம், ஆக மிச்சம் 20. அந்த இருபதுக்குள் வீல்சேர் தள்ளுபவர் வந்திருக்க வேண்டும், இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே மறுபடி செக்யூரிட்டி உண்டு, அமெரிக்கா போகும் விமானம் என்பதால் கேட்டில் தாள்களை இன்னொரு தடவை பார்ப்பார்கள். முதல் விமானம் சரியான நேரத்துக்கு வந்தால் இதெல்லாம். அரை மணி தாமதம் என்றால் கணக்குப் போடவே வேண்டாம்.

இதற்காக ஏற்பதே தப்பு என்று சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் எனக்கே 50 நிமிடமாகச் சுருங்கியது, ஏற்றுக்கொண்டேன். தனி ஆள், முதுகில் ஒரு பை, வேறு பெட்டி இல்லை, நிதானமாகவே நடந்து போய்ச் சேர்ந்தேன். அன்று எனக்குப் பயம் இல்லாததற்குக் காரணம் வேகமாக நடப்பேன் என்பதல்ல. அந்த விமானத்தை விட்டாலும் அதே ஊருக்கு அன்றைக்கே இன்னும் இரண்டு விமானம் இருந்தது.

இதைத்தான் எல்லோரையும் முதலில் பார்க்கச் சொல்வேன். இடைவெளி எத்தனை நிமிடம் என்றே எல்லோரும் கேட்கிறோம். தவறவிட்டால் அடுத்த விமானம் எப்போது என்று கேட்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு விமானம் போகும் ஊர் என்றால் 55 நிமிடக் கனெக்ஷன்கூட எடுக்கக்கூடிய ஆபத்துதான், போனால் மூன்று மணி நேரம். அப்பா அம்மா போகவிருந்த தடத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம். தவறவிட்டால் 24 மணி நேரம். அதுவும் அடுத்த நாள் விமானத்தில் இரண்டு சீட் காலியாக இருந்தால். மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையில், அதை நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

அந்த 24 மணி நேரத்தை எங்கே கழிப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. கம்பெனி ஓட்டல் கொடுக்கும், சரி. ஆனால் ஓட்டலுக்குப் போக விமான நிலையத்தை விட்டு வெளியே வர வேண்டும், அதற்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். இருவரிடமும் அமெரிக்க விசா இருக்கிறது, அதை வைத்து உள்ளேயே விமானம் மாறலாம், ஊருக்குள் போக முடியாது. சில விமான நிலையங்களில் உள்ளேயே தங்க அறைகள் உண்டு, ஆனால் அவை கொஞ்சம்தான், நாம் போகும் நேரத்துக்குக் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுபது வயதில் இரண்டு பேரும் ராத்திரி முழுக்க நாற்காலியில். அம்மாவிடம் போனில் சொன்னேன். “எய்யா, ஒரு ராத்திரிதான, நான் உக்காந்துக்கிடுவேன். அப்பாவுக்கு ஊசி போடணும்லா? மருந்தெல்லாம் பெரிய பெட்டியிலல்லா கெடக்கும்” என்றாள். அதோடு ஏற்கும் யோசனையை விட்டுவிட்டேன்.

பணத்தைத் திரும்ப வாங்குவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பலரும் நேரம் மாறினாலே முழுப் பணமும் கேட்கலாம் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவுக்கு வரும், அமெரிக்காவிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு 2024 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, சர்வதேசப் பயணத்தில் கிளம்பும் நேரம் 6 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னால் போனால், அல்லது சேரும் நேரம் அதே அளவு பின்னால் போனால், நீங்கள் மாற்றத்தை ஏற்காமல் பணத்தைக் கேட்கலாம். உள்நாட்டுக்கு 3 மணி. இறங்கும் ஊர்களின் எண்ணிக்கை கூடினாலும், விமான நிலையம் மாறினாலும், கீழ் வகுப்பில் போட்டாலும் உண்டு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஏழு வேலை நாளுக்குள் வர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் கனெக்ஷன் சுருங்குவது அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் விஷயத்தில் டாலஸ் சேரும் நேரம் ஒரு நிமிடம்கூட மாறவில்லை, அதனால் சட்டப்படி எனக்குக் கையில் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: விமானத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் இழுத்தால் அதை ரத்துக்குச் சமமாகக் கொள்ளலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. எங்களுடையது பின்னால் தள்ளியது, கிளம்பியதும் சென்னையிலிருந்து. பணம் கிடைத்திருந்தாலும் நவம்பரில் எடுத்த விலைக்கு மே டிக்கெட் பிப்ரவரியில் கிடைக்காது. பார்த்தேன், நிறையவே ஏறியிருந்தது.

ஆக மிஞ்சியது, அதே டிக்கெட்டில் வேறு விமானம். இதில் சட்டத்தைவிட அந்தந்தக் கம்பெனியின் உள்விதிதான் பேசும், எதிர்முனையில் யார் எடுக்கிறார் என்பதும் சேர்ந்து. முதல் தடவை கூப்பிட்டபோது, 65 நிமிடம் செல்லுபடியாகும் கனெக்ஷன்தான் என்றார்கள். கொஞ்சம் வற்புறுத்திய பிறகு சிகாகோ வழியாகப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். திரையில் பார்த்தால் நல்ல இடைவெளிதான். ஆனால் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி பெட்டியைப் போட வேண்டும். அப்புறம் சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் ஐந்தாம் டெர்மினலுக்கு வரும், உள்நாட்டு விமானத்துக்கு ரயில் ஏறி வேறு டெர்மினல் போக வேண்டும். நாலு பெட்டியோடு அவர்களால் ஆகாது. வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டாவது தடவை கூப்பிடுவதற்கு முன் நானே உட்கார்ந்து தேடினேன். நான் டிக்கெட் எடுத்த கம்பெனியோடு கூட்டணியில் இருக்கும் இன்னொரு கம்பெனி, வேறு ஊர் வழியாக, நடுவில் 3 மணி 10 நிமிடம், அங்கிருந்து நேராக டாலஸ். விமான எண், தேதி, நேரம் எல்லாம் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். போனில் நேரம் குறைவு என்று ஆரம்பிக்கவில்லை. இரண்டு வீல்சேர் பயணிகள், அடுத்த விமானம் 24 மணி நேரம் கழித்துத்தான், வெளியே தங்க விசா இல்லை, இந்த எண்ணுள்ள விமானத்தில் சீட் இருக்கிறது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். அந்தப் பெண் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார், வந்தார், நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஒரு பைசா கூடுதல் இல்லை.

இந்த வழிக்கும் விலை உண்டு. மொத்தப் பயணம் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் நீண்டது. சென்னையில் கிளம்பும் நேரம் பழையதைவிட முன்னால் வந்துவிட்டதால், நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி அன்றைக்கே ஏறலாம் என்ற திட்டம் போய், ஒரு நாள் முன்னாலேயே தாம்பரம் சித்தி வீட்டில் தங்கும்படி ஆனது. டிக்கெட்டை ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் கம்பெனி அவரிடம் போகச் சொல்லும், அவர் கம்பெனியைக் கேளுங்கள் என்பார், இந்த நாற்பது நிமிடம் நாலு நாள் ஆகலாம். நான் கம்பெனியிடமே நேரடியாக எடுத்திருந்தேன்.

காத்திருப்பதைப் பற்றி எனக்கு ஒரே ஓர் அனுபவம்தான். முன்பு ஒரு முறை எதையும் அமுக்காமல் மூன்று வாரம் விட்டேன், நேரம் மறுபடி மாறி எனக்கே சாதகமாக அமைந்தது. அதை வைத்து யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். காத்திருக்கும் நேரத்தில் மாற்று விமானத்தின் சீட்டுகள் விற்றுக்கொண்டே இருக்கும், மின்னஞ்சல் வந்த அன்றைக்குத்தான் உங்களுக்கு அதிக வழிகள் திறந்திருக்கும். எப்படியானாலும் பயணத்துக்கு நெருக்கத்தில் அதைத் தீராமல் விட்டுவிட்டு செக்-இன் கவுண்டரில் போய் நிற்காதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. விமானத்தை மாற்றினால் டிக்கெட்டையும் ரீஇஷ்யூ பண்ண வேண்டும், அதாவது புது விமானத்துக்குப் புதிதாகப் போட வேண்டும். புக்கிங்கில் புது விமானம் தெரிந்தால் மட்டும் போதாது, அதற்கு டிக்கெட் எண் வந்திருக்கிறதா என்று போனை வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எனக்கு அது வந்தது, ஆனால் மறுநாள் திறந்து பார்த்தால் சீட் ஆளுக்கொரு மூலையில், சைவச் சாப்பாடு காணோம், வீல்சேர் முதல் விமானத்துக்கு மட்டும் இருந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டு எல்லாவற்றையும் திரும்பப் போட வைத்தேன். ஏப்ரலில் இன்னொரு மின்னஞ்சல் வந்தது, இந்த முறை பத்து நிமிடம்தான், அதை யோசிக்காமல் ஏற்றுக்கொண்டேன். அப்பாவின் இன்சுலினும் நாலு நாளைக்கான மாத்திரையும் இப்போது அம்மாவின் கைப்பையில் இருக்கின்றன.