வழுக்கி விழுந்த முதுகுக்கு 18,600 ரூபாய்: தைலக்கடை "எலும்பு வைத்தியத்தை" நம்பாதீங்க

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போற ரோட்டோரம் தைலம், டீத்தூள், சாக்லேட் விக்கிற கடைகள்ல ஒண்ணு. உள்ளே திரை போட்டு ஒரு கட்டில், மேலே "எலும்பு நரம்பு வைத்தியம்"னு ஃப்ளெக்ஸ். அங்கே எங்க சித்திகிட்ட பிடுங்கினது 18,600 ரூபாய். தோட்டத்துல ஒன்றரை மாசக் கூலி. நேத்துதான் எக்ஸ்ரே கைக்கு வந்துச்சு, வயிறு எரியுது.

சித்திக்கு 57 வயசு. மழை ஈரத்துல, முதுகுல கொழுந்து மூட்டையோட தேயிலைச் சரிவுல சறுக்கி, பொத்துனு உட்கார்ந்த வாக்கில விழுந்தாங்க. அன்னையிலிருந்து நடுமுதுகுக்குக் கீழே ஒரே ஒரு எலும்பு மேல வலி. நின்னா கூடும், படுத்தா குறையும், படுக்கையில புரண்டா உயிர் போகும். ஐம்பது தாண்டின பொம்பளைக்கு விழுந்த பிறகு இப்படி வலிச்சா முதல்ல சந்தேகப்பட வேண்டியது எலும்பு முறிவு. மாதவிடாய் நின்னதும் எலும்பு பலம் குறைஞ்சுடும். உட்கார்ந்தபடி விழுந்தாலே முதுகெலும்புக் கட்டை முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆயிடும். பெரும்பாலும் சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரிஞ்சுடும்.

கடைக்காரர் எக்ஸ்ரே பத்திப் பேசவே இல்லை. குப்புறப் படுக்க வெச்சு ரெண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடிச்சு, "பாருங்கம்மா, இடது கால் அரை இன்ச் குட்டை. டிஸ்க் விலகிடுச்சு"ன்னார். கூடப் போன தங்கச்சி பார்த்தா, நிஜமாவே குட்டை. ஒரே இழுப்பு, ரெண்டு குதிகாலும் ஒரே மட்டம். நம்பினது அந்த நொடியிலதான். இடுப்பு லேசா சாய்ஞ்சிருந்தாலோ, ஒரு பாதத்தைக் கொஞ்சம் மடக்கிப் பிடிச்சாலோ யாருக்கு வேணும்னாலும் அரை இன்ச் வித்தியாசம் காட்டலாம். நேராக்கினா போயிடும். டிஸ்க்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் தைலம் தேய்ச்சு சூடா ஒத்தடம். அது வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், அவ்வளவுதான். சித்தி எழுந்து நாலு எட்டு நடந்ததும் 18,600 ரூபாயையும் எண்ணிக் கொடுத்துட்டாங்க. பத்து நாள் மசாஜ், காத்தடிக்கிற இடுப்பு பெல்ட், லேபிளே இல்லாத ஒரு டப்பா சூரணம்.

மசாஜ்னா, முன்னால குனிய வெச்சு முதுகுல முட்டியை ஊனி அழுத்துறது. முன்பக்கம் நசுங்கின எலும்புல, குனியும்போது பாரமெல்லாம் அந்தப் பக்கமே இறங்கும். பத்து நாளும் அதையேதான் செஞ்சிருக்காங்க.

சூரணம் ரெண்டே நாள்ல வலியை அடக்குச்சு, பசியும் எடுத்துச்சு. பத்தாவது நாள் முகம் உப்பிப்போச்சு. 150க்குள்ள இருந்த சர்க்கரை 340. பேர் தெரியாத பொடி இப்படி வேலை செஞ்சா ஸ்டீராய்டு கலந்திருக்கான்னு சந்தேகப்படணும். அது ரத்தத்துல சர்க்கரையை ஏத்தும், நாள்பட்டா எலும்பையும் அரிக்கும். ஏற்கனவே நொறுங்கின எலும்புக்கு இதைக் கொடுத்திருக்காங்க!

போன் பண்ணினா, "உள்ளே இருக்கிற வலி வெளியே வருது, அப்படித்தான் கூடும்." அடுத்த நாள், "ஓனர் மேட்டுப்பாளையம் போயிருக்கார்." நேர்ல போய் நின்னா, "பெல்ட்டைப் போட்டுட்டீங்க, திருப்பி எடுக்க மாட்டோம். பில் இருக்கா?" அவங்க கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, அதுல "தைலம் 2"ன்னு மட்டும் எழுதியிருக்கு. 18,600 ரூபாய்க்குத் தைலம் ரெண்டு! சாயங்காலம் வாட்ஸ்அப்ல பிளாக் பண்ணிட்டாங்க.

ஊட்டி அரசு மருத்துவமனையில எக்ஸ்ரே எடுத்தாங்க. இடுப்புப் பகுதியோட முதல் எலும்பு நசுங்கியிருக்கு.

என்ன செய்யணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு நிதானத்துல இல்லை. அவசரமானதை மட்டும் சொல்றேன்.

விழுந்த பிறகு முதுகோ கழுத்தோ வலிச்சா எக்ஸ்ரே பார்க்காம யாரையும் அழுத்தவோ நெட்டி முறிக்கவோ விடாதீங்க. சிறுநீர் அடைச்சுக்கிட்டாலோ, தெரியாம போனாலோ, தொடை இடுக்கு மரத்துப் போனாலோ, கால் துவண்டாலோ அன்னிக்கே 108.

விழாம கொள்ளாம, மூட்டை தூக்கி வர்ற சாதாரண பிடிப்பு பெரும்பாலும் சில வாரத்துல தானா குறையும். முடங்கிப் படுக்காம, தாங்குற அளவுக்கு நடங்க. புதுச் சுளுக்குன்னா துணி சுத்தின ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிஷம். தைலம் தேய்ச்ச இடத்துல வெந்நீர்ப் பை வெச்சுக் கட்டாதீங்க, தோல் வெந்துடும். பிசியோதெரபிக்குக் காசே தேவையில்லை, 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வர்றாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

அந்த மாதிரி சூரணத்தை வாரக்கணக்கா சாப்பிட்டவங்க சட்டுனு நீங்களா நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. டப்பாவோட டாக்டர்கிட்ட போங்க. பணம் போனவங்க 1915க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் பதியுங்க. துண்டுச் சீட்டா இருந்தாலும் கிழிக்காம வெச்சிருங்க. சித்தியோடதை நாங்க போட்டோ எடுத்து வெச்சிருக்கோம்.