அந்து ஒட்டுப்பொறி: உளவாளியாக நல்லது, கொலையாளியாகச் சுமார்

மாவு, பருப்பு, கொட்டை வகைகள் வைக்கும் அலமாரிக்கான முக்கோண அட்டைப் பொறி இது. உள்ளே பசை, நடுவில் ஒரு சின்ன ரப்பர் துண்டு. பெண் அந்து விடும் வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து அதில் ஊற வைத்திருக்கிறார்கள். நம் மூக்குக்கு எதுவும் எட்டாது. ஆண் அந்து தேடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

"அடியோடு ஒழிக்கும்" என்று பெட்டியில் போட்டிருப்பது ரொம்ப அதிகம். பெண் அந்துவும் புழுவும் பொறிப் பக்கமே வராது. மாவைத் தின்பதே புழுதான், வளர்ந்த அந்து எதையும் தின்பதில்லை. ஒரு பெண் 100 முதல் 400 முட்டை வரை இடும். ஓர் ஆணே பல பெண்களோடு சேரும் என்பதால், நாலைந்து ஆண்கள் தப்பினாலே கதை தொடரும். புழு நூல் கட்டிய பொட்டலத்தை நீங்கள்தான் தேடி எடுத்து எறிய வேண்டும்.

ஆனால் என்ன அந்து வந்திருக்கிறது என்று பார்க்க இதைவிட வசதி இல்லை. எனக்கு அதிகம் சிக்கியது இந்திய மாவு அந்து. சிறகு விரித்தால் 16 முதல் 20 மில்லிமீட்டர். முன்சிறகில் உடலை ஒட்டிய பகுதி வெளிர் சாம்பல்; மீதி செம்பழுப்பு, அதில் ஒரு செம்பு மினுமினுப்பு. லென்ஸில் பார்த்தால் அழகான பூச்சிதான், சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. சீக்கிரம் பார்த்துவிடுங்கள், துடித்துத் துடித்துச் செதில் உதிர்ந்துவிட்டால் நிறமே தெரியாது.

கூடவே மங்கலான சாம்பல் நிற அந்துகளும் விழும். பாதாம் அந்து, மத்தியதரைக்கடல் மாவு அந்து இரண்டுக்கும் இதே வாசனைப் பொருள் பிடிக்கும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரிசி அந்து மட்டும் இதற்கு மயங்காது, அந்த இனத்தில் வாசனை விட்டு அழைப்பது ஆண்.

அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இந்திய மாவு அந்து இருக்கிறது. தானியத்தோடும் உலர்பழத்தோடும் பயணம் செய்து, குளிர் நாடுகளிலும் கட்டடங்களுக்குள் பிழைத்துக்கொள்கிறது. அதனால் பொறி எந்த நாட்டுத் தயாரிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. திறந்த ஜன்னல் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், வெளியில் இருப்பதையும் கூப்பிட்டுவிடும்.

வாசனை 3 மாதம் நிற்குமாம். வெயில் காலத்தில் அவ்வளவு நிற்கவில்லை.

5க்கு 3.5 தருவேன். பசைத்தாளில் கட்டம் அச்சிட்டிருந்தால் எண்ணச் சுலபமாக இருக்கும். இப்போதைக்குப் பேனாவால் நானே கோடு போட்டுக்கொள்கிறேன்.