உலர் மார்ஜோரமும் உலர் ஒரிகானோவும்: ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகுமா?

பெரிய மளிகை அங்காடிகளில் இத்தாலியச் சமையலுக்கான அடுக்கின் முன் நின்று பார்த்தால், மார்ஜோரம், ஒரிகானோ என்று பெயர் ஒட்டிய இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் இருப்பது சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் நொறுங்கிய காய்ந்த இலைதான். எது வேண்டும் என்று தயங்குபவரிடம் கடைப் பணியாளர், "ரெண்டும் ஒண்ணுதாங்க, எதை வேணும்னாலும் போடலாம்" என்று சொல்வதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். பல சமையல் குறிப்புகளும் ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்றைப் போடலாம் என்றே எழுதுகின்றன. இரண்டையும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்திவரும் எனக்கு அந்த அறிவுரையில் உடன்பாடு இல்லை. இவை உறவுக்கார இலைகள்தாம். ஆனால் அடுப்பில் அவை செய்யும் வேலை வேறு.

உறவை முதலில் சொல்லிவிடலாம். இரண்டும் துளசியும் புதினாவும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தவை. அதற்குள்ளும் ஒரே பேரினம். மார்ஜோரம் என்பது ஒரிகானம் மஜோரானா. ஒரிகானோ என்பது ஒரிகானம் வல்கேர். மார்ஜோரத்தின் தாயகம் சைப்ரஸும் துருக்கியின் தென்பகுதியும் ஆகும். ஒரிகானோ மத்தியதரைக் கடலோர மலைச்சரிவுகளில் பரவலாக முளைப்பது. அதற்கு ஆங்கிலத்தில் 'காட்டு மார்ஜோரம்' என்றும் ஒரு பெயர் உண்டு என்பதால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மெக்சிகோ ஒரிகானோ என்று விற்கப்படுவது இந்தக் குடும்பமே இல்லை. அது நம் ஊர் உண்ணிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புதர்.

தமிழில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. மார்ஜோரத்தை மருக்கொழுந்து என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். பூக்கடையில் மரிக்கொழுந்து, மருக்கொழுந்து என்று கேட்டால் பொதுவாகக் கிடைப்பது தவனம். அது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. கதம்பத்தில் கனகாம்பரத்துக்கும் மல்லிகைக்கும் இடையே வைத்துக் கட்டுகிற, சிறிய வட்ட இலைகள் கொண்ட மரு என்பதே மார்ஜோரம். தவனத்தின் இலை பிளவுபட்டுச் சாம்பல் பூத்திருக்கும். மருவின் இலையோ விரல்நுனியை விடச் சிறியதாக, முழுமையாக, மெல்லிய வெல்வெட்டுத் துணியைத் தொடுவது போல இருக்கும். ஐரோப்பா சூப்பில் போடுகிற இலையை நாம் தலைமுறை தலைமுறையாகக் கூந்தலில் வைத்திருக்கிறோம் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வியப்பாக இருக்கிறது. ஆயினும் பூக்கடை மருவைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அது உணவுக்காக வளர்க்கப்பட்டதன்று. அதன்மேல் என்ன மருந்து தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

வேறுபாட்டின் வேர் இலைகளில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. ஒரிகானோவின் காரமான வாசனைக்குக் காரணம் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருள்கள். ஓமத்தின் நெடிக்குக் காரணமும் தைமால்தான். கற்பூரவல்லி இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறுவதில் பெரும்பங்கு கார்வக்ராலுடையது. ஆகவே ஒரிகானோவை முதன்முதலாக முகரும் தமிழர் யாருக்கும் அது முற்றிலும் புதிய வாசனையாகத் தோன்றாது. ஓமமும் கற்பூரவல்லியும் கலந்தது போல இருக்கிறது என்று சொன்னால் அது சரியான கணிப்பே. மார்ஜோரத்தில் இந்த இரண்டும் மிகக் குறைவு. அதன் இனிய மணத்தைத் தருவது சபினீன் ஹைட்ரேட் என்ற பொருளும் அதன் துணைச் சேர்மங்களும். இவை வெப்பத்துக்கு எளிதில் இடங்கொடுப்பவை. நீராவியில் காய்ச்சி எண்ணெய் எடுக்கும்போதே இவற்றில் ஒரு பகுதி டெர்பினீன்-4-ஆல் போன்ற வேறு பொருள்களாக மாறிவிடுகிறது. கார்வக்ராலோ கொதியைத் தாங்கி நிற்கும். ஒரிகானோவைத் தக்காளிக் குழம்பின் தொடக்கத்திலேயே போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடலாம் என்பதும், மார்ஜோரத்தை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் தூவ வேண்டும் என்பதும் இதன் நேரடி விளைவுகள்.

இதை நாவால் அறிய விரும்புவோர் நான் செய்த எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். அரைக்கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்து, தோலுரித்து, சூடாக இருக்கும்போதே பெரிய துண்டுகளாக உடைத்து, வெண்ணெயும் சிறிது உப்பும் சேர்த்து இரண்டு கிண்ணங்களாகப் பிரித்தேன். ஒன்றில் அரைத் தேக்கரண்டி மார்ஜோரத்தையும் மற்றொன்றில் அதே அளவு ஒரிகானோவையும் உள்ளங்கையில் கசக்கித் தூவி, மூடி வைத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தேன். ஒரிகானோக் கிண்ணத்தில் முதலில் வந்தது ஒரிகானோவின் வாசனை. வாயில் போட்டபோது நாக்கின் நுனியில் மெல்லிய மரமரப்பும் பின்னால் சிறு கசப்பும் இருந்தன. உருளைக்கிழங்கு எங்கோ பின்னால் நின்றது. மார்ஜோரக் கிண்ணத்தில் வாசனை வெண்ணெயோடு சேர்ந்தே வந்தது. பூவின் இனிப்பும் பைன் மரத்தின் சாயலும் கலந்த அந்த மணம் கிழங்கின் சுவையை மறைக்கவில்லை, உயர்த்திக் காட்டியது. பின்னர் அதே அளவுகளில் பூண்டு வதக்கிய தக்காளிச் சாறில் சோதித்தபோது முடிவு தலைகீழானது. தக்காளியின் புளிப்பில் மார்ஜோரம் இருந்த இடமே தெரியவில்லை. ஒரிகானோவோ புளிப்போடு நேருக்கு நேர் நின்று குழம்புக்கு ஒரு முதுகெலும்பைத் தந்தது.

இந்தச் சோதனை சொல்வதைத்தான் ஐரோப்பியச் சமையல் மரபுகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கின்றன. தெற்கு இத்தாலியிலும் கிரேக்கத்திலும் உலர் ஒரிகானோவே அரசு செலுத்துகிறது. நேப்பிள்ஸ் நகரத்து மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, எண்ணெயோடு இடம்பெறுவது அது. கிரேக்கச் சாலட்டில் ஃபெட்டா பாலாடைக்கட்டியின் மேல் தூவப்படுவதும், கம்பியில் குத்திச் சுடும் சூவ்லாக்கி இறைச்சியில் எலுமிச்சையோடு சேர்வதும் அதுவே. புளிப்பு, உப்பு, தீயின் கருகல் ஆகிய மூன்றும் இருக்கும் இடங்களில் அது பொருந்துகிறது.

வடக்கே நடு ஐரோப்பாவுக்கு ஏறிச் சென்றால் ஆட்சி மாறிவிடுகிறது. ஜெர்மானியர் மார்ஜோரத்துக்கு 'தொத்திறைச்சித் தழை' என்றே ஒரு வழக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நூரம்பெர்க் நகரின் சிறு தொத்திறைச்சிகளுக்கும் ஈரல் தொத்திறைச்சிக்கும் அடையாளமான மணத்தைத் தருவது இதுதான். போலந்தில் கோதுமை போன்ற ரை என்ற தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜூரெக் சூப்பும், பட்டாணிக் கஞ்சியும், வெள்ளைத் தொத்திறைச்சியும் உலர் மார்ஜோரம் இல்லாமல் நிறைவு பெறுவதில்லை. ஆஸ்திரியாவின் கூலாஷ் குழம்பிலும் இது சேர்கிறது. எனக்கு இவற்றில் மிகவும் நெருக்கமானது செக் நாட்டின் பூண்டு சூப். தட்டிய பூண்டு, உருளைக்கிழங்குத் துண்டுகள், கேரவே என்ற சீமைச் சோம்பு ஆகியவற்றை நீரில் வேகவைத்து, இறக்கும் நேரத்தில் ஒரு தேக்கரண்டி மார்ஜோரத்தைக் கசக்கிப் போட்டு, நெய்யில் பொரித்த ரொட்டித் துண்டுகளை மேலே இட்டுப் பரிமாறுவார்கள். மிளகு ரசம் குடித்துப் பழகியவர்களுக்கு மழைநாளில் அந்தக் கிண்ணம் உடனே பிடித்துப்போகும். அதே நாட்டில் துருவிய உருளைக்கிழங்கை மாவில் கலந்து தட்டும் அடையிலும் பூண்டும் மார்ஜோரமும்தான் கூட்டாளிகள். கொழுப்பு மிகுந்த இறைச்சி, மாவுச்சத்து மிகுந்த கிழங்கு, வாயுவை உண்டாக்கும் பயறு ஆகிய கனமான பொருள்களை மென்மையாக்கும் பணியை அங்கே மார்ஜோரம் ஏற்றிருக்கிறது.

இனிச் சத்துக் கணக்கு. இந்தப் பகுதியில்தான் இணையம் முழுவதும் மிகையான பேச்சு நிரம்பியிருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவுப்படி 100 கிராம் உலர் மார்ஜோரத்தில் 271 கிலோகலோரி ஆற்றலும், 12.7 கிராம் புரதமும், 40.3 கிராம் நார்ச்சத்தும், 1,990 மில்லிகிராம் கால்சியமும், 82.7 மில்லிகிராம் இரும்பும், 51 மில்லிகிராம் வைட்டமின் சியும் உள்ளன. அதே அளவு உலர் ஒரிகானோவில் 265 கிலோகலோரி, 9 கிராம் புரதம், 42.5 கிராம் நார்ச்சத்து, 1,597 மில்லிகிராம் கால்சியம், 36.8 மில்லிகிராம் இரும்பு, 2.3 மில்லிகிராம் வைட்டமின் சி. வைட்டமின் கே இரண்டிலும் ஏறத்தாழ 620 மைக்ரோகிராம். வைட்டமின் இ மட்டும் ஒரிகானோவில் பல மடங்கு அதிகம். இந்தப் பட்டியலை மட்டும் படிப்பவர் மார்ஜோரத்தை இரும்புச்சத்தின் களஞ்சியம் என்றே எண்ணுவார்.

ஆனால் 100 கிராம் உலர் மார்ஜோரத்தை யாரும் உண்பதில்லை. ஒரு தேக்கரண்டி மார்ஜோரத்தின் எடை சுமார் 0.6 கிராம், ஒரிகானோவின் இலை சற்றுக் கனமானது என்பதால் ஒரு தேக்கரண்டி சுமார் 1 கிராம். அப்படிக் கணக்கிட்டால் ஒரு தேக்கரண்டி மார்ஜோரம் தருவது 12 மில்லிகிராம் கால்சியமும் அரை மில்லிகிராம் இரும்பும். ஒரிகானோ தருவது 16 மில்லிகிராம் கால்சியமும் 0.37 மில்லிகிராம் இரும்பும். 100 கிராம் கணக்கில் கால்சியத்தில் முன்னிலை வகித்த மார்ஜோரம், கரண்டிக் கணக்கில் பின்தங்கிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பெண்களுக்குப் பரிந்துரைத்த இரும்பு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம்; நான்கு பேருக்கான சூப்பில் ஒரு தேக்கரண்டி மார்ஜோரம் போட்டால் ஒருவருக்குக் கிடைப்பது 0.12 மில்லிகிராம் மட்டுமே, அதுவும் உடல் முழுமையாக உறிஞ்சாத தாவர இரும்பு. ஐம்பது கிராம் முருங்கைக்கீரையில் 150 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கிடைக்கிறது. அதை மார்ஜோரத்திலிருந்து பெறப் பன்னிரண்டு தேக்கரண்டிக்கு மேல் விழுங்க வேண்டும். ஆகவே எந்த இலையில் சத்து அதிகம் என்ற கேள்வியை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பொருளற்றது என்பதே என் உறுதியான கருத்து.

அதற்காக இவற்றால் உடலுக்கு ஒரு பயனும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். உப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கு மணமுள்ள தழை ஒரு நல்ல துணை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. மேலே சொன்ன உருளைக்கிழங்கில் நான் வழக்கமாகப் போடுவதில் பாதி உப்புதான் போட்டேன். மார்ஜோரக் கிண்ணத்தில் அந்தக் குறை தெரியவே இல்லை. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் கே என்ற பெயரைக் கேட்டு அஞ்சுவதுண்டு. ஒரு தேக்கரண்டியில் மார்ஜோரம் தருவது 4 மைக்ரோகிராமுக்கும் குறைவு, ஒரிகானோ தருவது சுமார் 6 மைக்ரோகிராம் என்பதால் சமையல் அளவில் அது பெரிதில்லை. இவற்றின் செறிவான எண்ணெய்களை மருந்தாக உட்கொள்வது முற்றிலும் வேறு விஷயம். கருவுற்ற பெண்களும் தொடர் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதிலும் வேறுபாடு உண்டு. ஒரிகானோவில் கலப்படம் மிகுதி. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டில் 78 மாதிரிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ கால் பங்கில் ஆலிவ் இலையும் மிர்ட்டில் இலையும் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. பீட்சாவோடு வரும் சிறு பொட்டலத்தில் 'சீசனிங்' என்று அச்சிட்டிருந்தால் அதன் பின்புறத்தைப் படிக்கவும். உப்பும் பூண்டுத் தூளும் முன்னிடத்தில் இருந்தால் அதைத் தனி ஒரிகானோவாகக் கணக்கிடுவது தவறு. மார்ஜோரம் நம் கடைகளில் மெதுவாகவே விற்பதால் அங்கே சிக்கல் பழமை. உலக வணிகத்துக்கு வரும் உலர் மார்ஜோரத்தில் பெரும்பகுதி எகிப்தில் விளைகிறது. அது நம் அடுக்கை அடைந்து வெளிச்சத்தில் மாதக்கணக்கில் நின்றபின் வெறும் வைக்கோல் மணமே மிஞ்சும். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். பூவின் சாயல் எழவில்லை என்றால் எத்தனை கரண்டி போட்டாலும் பயனில்லை. சிறு குப்பியாக வாங்கி, அடுப்புக்கு அருகில் வைக்காமல், இருட்டான இடத்தில் மூடி வைத்து ஆறேழு மாதங்களுக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஒரே ஒரு குப்பிதான் வாங்க முடியும் என்றால், தக்காளி, பன்னீர், தந்தூரி வகைகள், பீட்சா ஆகியவற்றை விரும்பிச் சமைப்பவர்கள் ஒரிகானோவை எடுக்கட்டும். உருளைக்கிழங்கு, காளான், முட்டை, பச்சைப் பட்டாணி, பருப்பு சூப் ஆகியவற்றை மிதமான சுவையில் உண்பவர்களுக்கு மார்ஜோரமே தோழன். கட்டாயம் மாற்றிப் போட நேர்ந்தால், மார்ஜோரத்துக்கு ஈடாக ஒரிகானோவை மூன்றில் ஒரு பங்கு மட்டும் போடவும். ஒரிகானோவுக்கு ஈடாக மார்ஜோரத்தைப் போடுவதாக இருந்தால் அதோடு ஒரு சிட்டிகை ஓமத்தைக் கசக்கிச் சேர்க்கவும். பின்னதை நான் தக்காளிக் குழம்பில் செய்து பார்த்திருக்கிறேன். ஓமத்தின் தைமால் அந்த இடைவெளியை ஓரளவுக்கு நிரப்பிவிடுகிறது. முன்னது அவ்வளவு வெற்றி பெறவில்லை. பூண்டு சூப்பில் ஒரிகானோவைக் குறைத்தே போட்டபோதும் கிண்ணத்தைத் திறந்ததும் முதலில் வந்தது பீட்சாக் கடையின் வாசனைதான்.