ஸ்டீயரிங் பளபளத்தால் அது அழுக்கு: கார் உள்பக்கத்தை மீட்டு வைத்திருக்கும் என் நீண்ட நாள் அனுபவம்

லெதர் ஸ்டீயரிங் பளபளவென்று ஆனதும் தோல் தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் பலர் கவர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தேய்மானமே இல்லை. கையின் எண்ணெயும் வியர்வையும் ஏறிய படலம். லெதர் கிளீனரை மென்மையான பிரஷ்ஷில் எடுத்து நுரைக்கத் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் பழைய மேட் தோற்றம் திரும்பிவிடும். துணியில் அழுக்குக்குப் பதில் ஸ்டீயரிங்கின் நிறமே வர ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். கறை அழிக்க விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் பக்கமே போகாதீர்கள், அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

இப்போதைய கார் லெதரில் பெரும்பாலானவற்றின் மேல் பாலியூரிதேன் பூச்சு இருக்கிறது. நம் கை படுவது அந்தப் பூச்சில்தான். அதனால் தோலுக்குள் எண்ணெய் ஊட்டும் கண்டிஷனர்களை விட, மேலே காப்பாக நிற்கும் லெதர் கோட்டிங்தான் எனக்குப் பலன் தந்தது. ஹேண்ட் சானிட்டைசர், சன்ஸ்கிரீன் இரண்டும் இந்தப் பூச்சுக்கு எதிரிகள். கை காய்ந்த பிறகே ஸ்டீயரிங்கைத் தொடுவது நல்லது.

டிரைவர் சீட்டின் ஓரம் வேறு கதை. ஏறி இறங்கும்போது உரசி உரசி அங்கே நிறம் உண்மையாகவே போய்விடும். எண்ணெய்ப் பசையை நீக்கி, தண்ணீர் சார்ந்த லெதர் கலரை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி மெல்லிய கோட்டுகளாகக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது; கடைசியில் நிறத்தைக் காக்கும் மேல்பூச்சாக மேட் டாப்கோட். தட்டையான பகுதிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. மடிப்பு விழும் விளிம்பில் மட்டும் அவ்வப்போது டச்சப் தேவைப்படுகிறது. அந்த இடத்துக்கு நிரந்தரத் தீர்வு என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

பிசுபிசுக்கும் பட்டன்கள், கதவுக் கைப்பிடிகள் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரப்பர் போல மிருதுவாக இருக்கும் அந்தப் பூச்சு ஈரப்பதத்தாலும் சூட்டாலும் வேதியியல் ரீதியாகவே சிதைகிறது. சோப்புத் தண்ணீரால் எத்தனை முறை கழுவினாலும் பிசுக்கு திரும்பி வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் பொறுமையாகத் துடைத்துப் பூச்சையே எடுத்துவிட்டேன். கீழே கெட்டியான, சுத்தமான பிளாஸ்டிக். தொடவே கூசிய இடம் இப்போது புதிது போல இருக்கிறது! ஆனால் பட்டனில் அச்சிட்ட குறியீடுகளும் சேர்ந்து அழியலாம், ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். லெதரிலும் டிஸ்பிளேயிலும் ஆல்கஹால் வேண்டவே வேண்டாம்.

டேஷ்போர்டுக்குச் சிலிக்கான் எண்ணெய் கலந்த பளபளப்பு ஸ்பிரே எனக்குப் பிடிக்கவில்லை. தூசி ஒட்டும், முன்கண்ணாடியில் அதன் பிரதிபலிப்பு விழுந்து பார்வையை மறைக்கும். தண்ணீர் சார்ந்த மேட் டிரெஸ்ஸிங் போதும், அதையும் துணியில் அடித்துத்தான் தடவ வேண்டும். நேராக அடித்தால் சுவிட்சுக்குள் இறங்கிவிடும். எல்லா பாட்டில்களையும் விடப் பெரிய பாதுகாப்பு சன்ஷேடுதான். முன்கண்ணாடி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்தாலும் சூட்டை உள்ளே விட்டுவிடுகிறது. சாதாரணப் பக்கக் கண்ணாடிகள் கதிரையும் அதிகமாக விடும்.

அப்புறம் பியானோ பிளாக், அதாவது கண்ணாடி போல மின்னும் கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகள். உலர்ந்த துணியால் தூசி தட்டினாலே மெல்லிய கீறல் விழும். ஃபைன் பாலிஷ் போட்டுக் கீறலை எடுத்த கையோடு பிபிஎஃப் எனும் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டிவிடுங்கள். இனி கீறல் ஃபிலிமோடு போகும், தேவைப்பட்டால் அதை மட்டும் உரித்து மாற்றலாம்.